கோல் வரையாமல் விட்ட கைப்பிடிக் கம்பி

அமெரிக்க ஓவியத்தில் எனக்குப் பிடித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கற்பனாவாதக் கூட்டம்தான். நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஆறு, காட்ஸ்கில் மலை, இடிமேகம், பட்டுப்போன மரம் என்று வரைந்து தள்ளிய தாமஸ் கோல் வகையறா. பிடிக்கும் என்பதால்தான் இந்தப் புகாரும்.

கோல் 1826இல் வரைந்த கேட்டர்ஸ்கில் அருவிப் படத்தைத் தேடிப் பாருங்கள். இலையுதிர்காலச் சிவப்பு, இரண்டு அடுக்காக விழும் தண்ணீர், நடுவில் ஒரு பாறை விளிம்பில் எறும்பளவுக்கு ஒற்றைப் பூர்வகுடி ஆள். கன்னி நிலம், மனிதக் காலடி படாத காடு என்று தோன்றும். ஆனால் அப்போதே அது சுற்றுலாத் தலம். மலைமேல் பெரிய ஹோட்டல் 1824லேயே திறந்தாகிவிட்டது, அருவியின் உச்சியில் வேடிக்கை பார்க்க மேடையும் கைப்பிடிக் கம்பியும் இருந்தன. நாம் செல்ஃபியில் பின்னால் நிற்கிற ஆளை அழிப்பதுபோல அத்தனையையும் அழித்துவிட்டு, அங்கே இல்லாத ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்.

சரி, ஓவியருக்கு அந்த உரிமை உண்டு. என் சந்தேகம் அந்த ஒற்றை ஆள் பற்றியது. அவர் ஏன் எப்போதும் தனியாகவே நிற்கிறார்?

அதே 1826இல்தான் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பரின் 'மொஹிக்கர்களில் கடைசி ஆள்' நாவலும் வந்தது, மொஹிக்கர் என்ற பூர்வகுடி இனம் அற்றுப்போவதாகச் சொல்லும் கதை. ஊரே கண்கலங்கிப் படித்தது, கோலும் அதிலிருந்து காட்சிகளை வரைந்தார். நான்கே வருஷத்தில், 1830இல், பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தில் ஆண்ட்ரூ ஜாக்சன் கையெழுத்துப் போட்டார். 1838இல் செரோக்கி மக்களைப் படையை வைத்துத் துரத்தியபோது ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். நாவலால் சட்டம் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆள் உயிரோடு இருக்கும்போதே ஒப்பாரி வைத்துவிட்டால், அப்புறம் அவரை வீட்டைவிட்டு வெளியேற்றுவது அவ்வளவு உறுத்தாது, இல்லையா? மொஹிக்கர்கள் முடிந்தும் போகவில்லை. இடம் மாற்றி இடம் மாற்றி விரட்டப்பட்டு, இன்றும் விஸ்கான்சினில் வாழ்கிறார்கள்.

கோல் வெறும் அழகுப் பைத்தியம் என்றும் சொல்லிவிட முடியாது. காட்ஸ்கிலில் மரம் வெட்டுகிறார்கள் என்று கொதித்தவர் அவர். 1836இல் மாசசூசெட்ஸின் ஹோலியோக் மலையிலிருந்து பார்த்ததாக வரைந்த 'ஆக்ஸ்போ' ஒன்று போதும். இடப்பக்கம் புயலும் முறிந்த மரமும், வலப்பக்கம் வெயிலில் பாத்தி பிரித்த வயல்கள், நடுவில் வளைந்து திரும்பும் கனெக்டிகட் ஆறு. கீழே பாறைகளுக்கிடையில் தொப்பி வைத்துக்கொண்டு தூரிகையோடு கோலே உட்கார்ந்து நம்மைத் திரும்பிப் பார்க்கிறார். எதை இழக்கிறோம் என்று தெரிந்த மனுஷன். ஆனால் அந்த இழப்புக் கணக்கில் மரம் வருகிறது, மலை வருகிறது, அங்கே இருந்த மக்கள் மட்டும் வரவில்லை.

"அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான்" என்று கமெண்டில் யாராவது வருவீர்கள், தெரியும். எல்லாரும் இல்லை. வில்லியம் ஏபெஸ் என்று ஒருவர், பீகுவட் என்ற பூர்வகுடி இனத்தவர், மெதடிஸ்ட் கிறிஸ்தவப் போதகர். 1829லேயே தன் வாழ்க்கையைப் புத்தகமாகப் போட்டார். அதே 1836இல், அதே மாசசூசெட்ஸில், பாஸ்டன் மேடையேறி, குடியேறிகளோடு போரிட்டுச் செத்த பூர்வகுடித் தலைவர் கிங் ஃபிலிப்பைப் புகழ்ந்து பேசினார், அந்தப் பேச்சும் அச்சில் வந்தது. கூப்பரை எடுப்பதற்கு முன்னால் ஏபெஸைப் படித்துவிடுங்கள். சின்னப் பிரசுரம்தான், கூப்பர் மாதிரி பக்கம் பக்கமாகக் காட்டு வர்ணனை கிடையாது.