மூண்டு செக்கன்

(கோண்டாவில். பின்வளவு முருங்கை மரத்தில் ஏணி சாத்தியிருக்கிறது. கனடாவில் மகள் வீட்டில் நாலு மாதம் நின்றுவிட்டுப் போன கிழமைதான் வந்த செல்லையா அண்ணை, ஏணியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.)

பூமணி: கொக்கத்தடிக்கு எட்டாது அண்ணை. ஏறி நாலு காய் புடுங்கித் தாங்கோ.

செல்லையா: ஏறுறது பிரச்சினையில்லை, பிள்ளை.

பூமணி: பின்னை?

செல்லையா: ரொறன்ரோவுக்குப் பக்கத்தில வொண்டர்லாண்ட் எண்டு கேளிக்கைப் பூங்கா இருக்கெல்லே, பேரன் கூட்டிக்கொண்டு போனவன். அங்க யூகோன் ஸ்ட்ரைக்கர் எண்டு ஒரு ரோலர் கோஸ்டர். 2019இல திறந்தது.

பூமணி: கோயில் திருவிழா ராட்டினம் மாதிரியோ?

செல்லையா: ராட்டினம் சுத்தும். இது விழும்! 75 மீட்டர். மூண்டு பனையை ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சுப் பார். சரிவு கிரிவு இல்லை, கிணத்துச் சுவர் மாதிரிச் செங்குத்து.

பூமணி: காசு குடுத்தோ விழுந்தனியள்?

செல்லையா: பேரன் குடுத்தவன். வரிசைக்கு எட்டுப் பேர். என்னை முன்னுக்கு இருத்தி, நெஞ்சுக்குப் பூட்டும் போட்டாச்சு. காலுக்குக் கீழ தட்டு இல்லை. செருப்பை விரலால இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தன்.

பூமணி: பிறகு?

செல்லையா: சங்கிலி கடகடவெண்டு இழுத்துக்கொண்டு போச்சுது. உச்சியில விளிம்புக்கு வெளியால குனிஞ்சபடி நிண்டிட்டுது. "தம்பி, பிறேக்டவுன் போல. இறங்கித் தள்ளுவமோ?" எண்டு கேட்டன்.

பூமணி: அவன் என்ன சொன்னவன்?

செல்லையா: சொல்ல எங்க நேரம்? மூண்டு செக்கன்தான் நிப்பாட்டுறவை. பிறகு விட்டிடுவினம். ஏத்தத்தான் சங்கிலி, விழுத்த எஞ்சின் தேவையில்லை, பூமி தன்ர பாட்டில இழுக்கும். மணிக்கு 130 கிலோமீட்டர். நேர தண்ணிக்குக் கீழ இருக்கிற சுரங்கத்துக்குள்ள! நிலாவரைக் கிணத்தில போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில மிதக்கும் எண்டு சொல்லுவினமே? அந்தத் தேசிக்காய் நான்தான்.

பூமணி: கத்தினியளோ?

செல்லையா: நான் ஏன் கத்துறன்? இந்தா, படம் பார்.

(போனை நீட்டுகிறார்.)

பூமணி: ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நல்ல குஷியாத்தானே இருக்கிறியள்!

செல்லையா: அது நல்லூரானுக்கு. அரோகரா எண்டு வாயைத் திறந்தன், காத்துத்தான் உள்ளுக்குப் போச்சுது. பக்கத்தில இருந்த வெள்ளைக்காரப் பிள்ளையும் கையைத் தூக்கினது. அதுக்கும் ஏதோ நேர்த்தி போல.

பூமணி: சரி, சரி. அடுப்பில குழம்பு வத்துது, ஏறுங்கோ.

(ஏறுகிறார். நாலாம் படியில் நின்றுவிடுகிறார்.)

செல்லையா: ஏணியைப் பிடிச்சிருக்கிறியோ?

பூமணி: ஓம், ஓம். ஒருக்கா அப்பிடியே நில்லுங்கோ அண்ணை, கால்ல நுளம்பு, அடிச்சிட்டு வாறன்.

செல்லையா: (இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியபடி) ஒண்டு... ரெண்டு...