இறந்தவங்க உடலுக்கு ஞானஸ்நானமா? அப்படி இல்லைங்க
மார்மன்கள்ங்கறது அமெரிக்காவுல தோன்றின ஒரு கிறிஸ்தவ சபை. அவங்க கோயில்ல இறந்தவங்க உடலைக் கொண்டுவந்து ஞானஸ்நானம் குடுத்து மெம்பராக்கிடறாங்கன்னு சிலர் சொல்றீங்க. உடல் எதுவும் அங்க வர்றதே இல்லைங்க. உயிரோட இருக்கற உறுப்பினர் ஒருத்தர், பன்னெண்டு வயசுப் பசங்க கூட உண்டு, வெள்ளை டிரெஸ் போட்டுக்கிட்டு, 12 காளைச் சிலைங்க தாங்கற பெரிய தொட்டில இறங்கி, இறந்தவரோட பேரைச் சொல்லும்போது அவருக்குப் பதிலா தலையோட முங்கி எழுவாரு, அவ்ளோதான். அதை ஏத்துக்கறதும் வேணாம்னு சொல்றதும் அந்த ஆத்மாவோட விருப்பம்னு அவங்க நம்பறாங்க, அதனால மெம்பர் கணக்குலயும் அந்தப் பேரைச் சேர்க்கறதில்ல. நாஜிக்கள் கொன்ன யூதர்களுக்கும் இப்படிச் செஞ்சதுல யூதர்களுக்கு வந்த கோபம் ரொம்ப நியாயமானது, 1995லயே சபை அதை நிறுத்தறோம்னு ஒத்துக்கிச்சு, அதைத் தாராளமா விமர்சிங்க. சந்தேகம்னா சபையோட பொதுக் கையேடு அவங்க வெப்சைட்லயே இருக்கு, யார் வேணா படிக்கலாம், 28வது அத்தியாயத்தைப் பாருங்க.