ஷாமாத்தே இளைஞர்கள் பணக்காரப் பிள்ளைகள் அல்ல

விசித்திரமான முடியலங்காரத்துக்குப் பேர்போன சீனாவின் ஷாமாத்தே இளைஞர் கும்பல், வேலைவெட்டி இல்லாத பணக்கார வீட்டுப் பிள்ளைகள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. 2000-களின் பிற்பகுதியில் முடியை விறைப்பாக நிறுத்தி, சிவப்பும் நீலமுமாகச் சாயம் பூசிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்த தொழிற்சாலைத் தொழிலாளர்கள். பெற்றோர் நகரத்தில் உழைக்க, தாத்தா பாட்டியிடம் வளர்ந்து, பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் அவர்களில் ஏராளம். அப்போது தெற்குச் சீனத் தொழில் நகரமான தோங்குவானின் ஷிபாய் பகுதியில் பூங்காவிலும் ஸ்கேட்டிங் அரங்கிலும் கூடுவார்கள். நாள் முழுக்க இயந்திரத்தின் முன்னால் நின்ற பையனை யாராவது திரும்பிப் பார்த்தார்கள் என்றால், அது அந்த முடிக்காகத்தான்! இயக்குநர் லி யீஃபான் இவர்களைப் பற்றி எடுத்த 2019 ஆவணப்படத்தில் அவர்களே இதைச் சொல்கிறார்கள், அவசியம் பாருங்கள். அப்புறம், அவர்களைப் பிடிக்காதவர்கள் கேலி செய்வதோடு நிற்கவில்லை. க்யூக்யூ என்ற சீன அரட்டைச் செயலியில் இருந்த ஷாமாத்தே குழுக்களுக்குள் புகுந்து கலைத்தார்கள், தெருவில் அடித்தார்கள். வேலை கேட்டுப் போன இடத்திலும் முடியை வெட்டிவிட்டு வரச் சொன்னார்கள்.