கிறிஸ்துமஸ் அன்று கதவைச் சாத்தினால் என்ன?

நம் ஊரில் பெருநாள் என்றாலே திறந்த இல்ல உபசரிப்புதான். நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி, கிறிஸ்துமஸ் எதுவானாலும் வீடு கொள்ளாமல் ஆள் வர வேண்டும். மலேசியாவில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது. ஆனால் அதை டிசம்பர் 25 அன்றே வைத்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

டிசம்பர் பிறந்துவிட்டால் அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பினாங்கின் சௌராஸ்டா மார்க்கெட்டுக்கும் லிட்டில் இந்தியாவுக்கும் நடை, குடில் ஜோடிப்பு, கேரல் குழு வரும் இரவுக்குக் காப்பி பலகாரம். அப்புறம் அச்சு முறுக்கு. அச்சை எண்ணெயிலேயே காயவைத்து, விளிம்புக்குக் கீழே வரை மட்டும் மாவில் முக்கி, மறுபடி எண்ணெயில் விட்டு மெல்ல உதறினால் பூவாகக் கழன்று வரும். அச்சு முழுக்க மாவில் மூழ்கிவிட்டால் போச்சு, கம்பியால் குத்திச் சுரண்ட வேண்டியதுதான். மத்தியானம் முழுக்க அடுப்படியில் நின்று ஒவ்வொன்றாகச் சுட்டு டின்னில் அடுக்குவார். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) 'குவே ரோஸ்' ரெடியா என்று விசாரித்துவிடுவார்; அச்சு முறுக்குக்கு மலாயில் அதுதான் பெயர். அவருக்கென்று தனி டின் உண்டு.

இத்தனையும் முடித்து, பினாங்கு சாலை புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தில் இரவுத் திருப்பலி கண்டு வீடு திரும்பினால், விடிவதற்குள் ஆட்டுக்கறிக்கு வெங்காயம் உரிக்க வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் வயிறார வாழ்த்திவிட்டுப் போவார்கள். சமைத்தவர் சாப்பிட நான்கு மணி ஆகும், அதுவும் ஆறிப்போன சோறு. இதைப் பண்டிகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் இந்த வருடம் 25-ஆம் தேதி வீட்டோடு இருந்தோம். கோழிப் பிரட்டல், ரசம், முந்தின நாள் வெட்டிய கேக், அவ்வளவுதான். அம்மா முதல் பந்தியில் உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிட்டார். எஸ்டேட் தோட்டத்தில் வளர்ந்த காலத்தில் களிமண்ணில் மாடு பிடித்துக் குடில் வைத்த கதையைச் சொன்னார். மாட்டுக்குக் கொம்பு நிற்காமல் விழுந்துகொண்டே இருந்ததாம், தாத்தா தீக்குச்சி ஒடித்துச் செருகினாராம். எனக்கு இது புதுக் கதை. மற்ற வருடங்களில் அவருக்குச் சொல்ல நேரம் ஏது?

அத்தைக்கு இதில் வருத்தம். "பெருநாள் அன்னைக்கு வீடு வெறிச்சோடிக் கிடக்கலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் திருச்சபை நாட்காட்டியைப் பாருங்கள். நான்கு வாரத் திருவருகைக் காலம் தயாரிப்புக்கு. கிறிஸ்து பிறப்புக் காலம் தொடங்குவதே 25-ஆம் தேதிதான். ஜனவரியில், ஞானிகள் குழந்தை இயேசுவைக் காண வந்ததைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழாவையும் தாண்டிப் போகிறது. சபை அத்தனை நாள் கொண்டாடச் சொல்லும்போது, நாம் ஏன் ஒரே நாளில் அடித்துப் பிடித்து முடிக்க வேண்டும்?

தனியாக இருப்பவர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. மாடி வீட்டுச் சீனப் பாட்டிக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். அவர் எங்களோடுதான் சாப்பிட்டார். ஒருவருக்குக் கூடுதலாக ஒரு தட்டு வைப்பது வேறு, ஊருக்கே பந்தி போடுவது வேறு.

எங்கள் திறந்த இல்லம் வருகிற சனிக்கிழமை. ஆட்டுக்கறி அண்ணன் பொறுப்பு, பாத்திரம் என் பொறுப்பு. வெங்காயம் உரிக்க ஆள் தேவைப்படுகிறது, சீக்கிரம் வரமுடிந்தவர்கள் சொல்லுங்கள்.