ஒரிஜினல் கட்டைய ராவாதீங்க

பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரோட பிடி கைக்கு ஒட்டலன்னா மரத்தையே ராவி சரி பண்ணுங்கன்னு கட்டுரையில சொல்லியிருக்கீங்க, தயவுசெஞ்சு அது மட்டும் வேணாங்க. நிறைய பழசுல பிடியோட வலது பக்க மரக்கட்டைய கழட்டி உள்ள பார்த்தா துப்பாக்கியோட சீரியல் நம்பரே இருக்கும், அது ஒத்துப்போனாதான் சேகரிக்கிறவங்ககிட்ட மதிப்பு, ராவிட்டா போச்சு. விசைக்காப்புக்கு, அதாவது விசையச் சுத்தி இருக்கற வளையத்துக்கு, பின்னால இருக்கற இடைவெளிதான் பிரச்சனையே, நடுவிரலுக்கு பிடிப்பு இருக்காது, சுடும்போது காப்பு விரல் முட்டியில இடிக்கும். அத அடைக்க டைலர் டி-கிரிப்னு சின்ன அலுமினிய துண்டு இருக்கு, மரத்துல கீறல் விழாம மாட்டலாம்.

நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் தோட்டத்துல வளர்ந்தவன். 1948 ஜூன் 16ல இந்தப் பக்கம் மூணு வெள்ளக்கார தோட்டத் துரைமாருங்கள சுட்டப்புறம்தான் மலாயாவுல அவசரகாலமே வந்துச்சு, அப்புறம் துரைங்க இடுப்புல துப்பாக்கி இல்லாம வெளிய வரமாட்டாங்கன்னு தாத்தா சொல்வாரு. இங்க லைசென்ஸ் இல்லாம தொடவே முடியாது, அதனால ரிவால்வர் நான் படிச்சு தெரிஞ்சுகிட்டதுதான், ஆனா பிடி செதுக்குறது அப்பாகிட்ட கத்துக்கிட்டது. பாராங்குக்கு, அதான் இங்க புல்லு வெட்டுற நீளக் கத்திக்கு, புதுப்பிடி போடறப்ப உள்ளங்கையில அடுப்புக்கரிய தடவி இறுக்கி பிடிப்பாரு, கரி எங்க அழுத்தமா ஒட்டியிருக்கோ அந்த மேட்ட மட்டும் உடைஞ்ச கண்ணாடித் துண்டால மெல்ல சுரண்டி மறுபடி பிடிச்சுப் பார்ப்பாரு, நாள் பூரா புல்லு வெட்டினாலும் கை கொப்பளிக்காது. புது கட்டை வாங்கி அதுல இப்படி செஞ்சு பாருங்க, ஆளி எண்ணெய் லேசா பூசினா போதும், ஸ்க்ரூவ ரொம்ப முறுக்காதீங்க, மரம் வெடிச்சிடும்.