"ஒன்றுமே நடக்காத" நாவல்

சனிக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் நடந்தது வந்திருந்தவர்களுக்குத் தெரியும். "நாலு கிழவிகள் டீ குடித்து ஊர்வம்பு பேசுகிறார்கள், வேறு ஒன்றுமே நடக்கவில்லை" என்று 'கிரான்ஃபோர்ட்' என்ற பழைய ஆங்கில நாவலைத் தள்ளிவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போய்விட்டார்கள். கூடவே சிரிப்பு வேறு. பதில் சொல்ல அங்கே இடம் கிடைக்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றும் நடக்கவில்லையா? கையில் பணமில்லாதவர்கள் மானத்தோடு வாழ என்னென்ன செய்கிறார்கள் என்பதுதான் அந்த நாவல். எலிசபெத் காஸ்கெல், தான் வளர்ந்த நட்ஸ்ஃபோர்ட் என்ற இங்கிலாந்து ஊரை மனதில் வைத்து, 1851 டிசம்பரிலிருந்து 1853 மே வரை டிக்கன்ஸின் பத்திரிகையில் விட்டுவிட்டு எழுதியது. நாவலின் நாயகி, கல்யாணமாகாத வயதான மிஸ் மேட்டி வீட்டில் இரண்டு மெழுகுவத்தி இருக்கும், எரிவது ஒன்றுதான். யாராவது வந்துவிட்டால் இரண்டையும் ஏற்ற வேண்டும். அப்போது ஒன்று உயரம், ஒன்று குட்டை என்று தெரியக் கூடாதே! அதனால் மாற்றி மாற்றி ஏற்றி இரண்டையும் ஒரே அளவில் வைத்திருப்பார். படித்தால் சிரிப்பு வரும், வரட்டும். அந்த வீட்டு வரவுசெலவும் சேர்ந்து கண்ணில் படாவிட்டால் பாதிதான் படித்திருக்கிறீர்கள்.

நாவலில் வரும் வங்கி விஷயத்துக்கு வருவோம். அப்போது தனியார் வங்கிகளும் நோட்டு வெளியிட்டன. வங்கி சாய்ந்தால் நோட்டு வெறும் தாள். மிஸ் மேட்டி பட்டுத்துணி எடுக்கக் கடைக்குப் போகிறார். பக்கத்தில் ஒரு குடியானவர் வீட்டுக்குச் சால்வை வாங்க நீட்டிய ஐந்து பவுண்டு நோட்டைக் கடைக்காரர் வாங்க மறுக்கிறார். அது மிஸ் மேட்டி பங்கு வைத்திருக்கும் வங்கியின் நோட்டு. பங்குதாரர் என்றால் தனக்கும் பொறுப்பு உண்டு என்று, தன் ஐந்து தங்கப் பவுனை எடுத்துக் கொடுத்து அந்தத் தாளை வாங்கிக்கொள்கிறார். பட்டுத்துணி போயிற்று. வங்கியும் போயிற்று. வருஷத்துக்கு 149 பவுண்டுக்கு மேல் நஷ்டம், மிச்சம் 13 பவுண்டு. இது "ஒன்றும் நடக்கவில்லை" கணக்கிலா வரும்?

பிழைக்க டீத்தூள் விற்கத் தொடங்கும்போதும், அதே ஊரில் டீ விற்கும் ஜான்சனிடம் போய் "உங்கள் வியாபாரம் கெடுமா?" என்று முதலில் கேட்கிறார். அந்த ஜான்சன் தன் வாடிக்கைக்காரர்களையே இவரிடம் அனுப்புகிறார். இந்த வெகுளித்தனம் வெளியுலகத்தில் செல்லாது என்பார் கதைசொல்லும் மேரியின் அப்பா. எல்லோரையும் சந்தேகப்படும் அந்த மனிதர்தான் போன வருஷம் ஆயிரம் பவுண்டுக்கு மேல் ஏமாந்தவர். காஸ்கெல் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். ஒரு வரி! அதைக்கூடக் கவனிக்காமல் எப்படி ஐயா தீர்ப்பு எழுதினீர்கள்?

"ஏகாதிபத்தியச் சுகவாசிகளின் கதை" என்றும் ஒருவர் சொன்னார். நியாயமான கேள்விதான். மிஸ் மேட்டியின் தொலைந்த தம்பி பீட்டர் இந்தியாவில் அவுரி (நீலச்சாயம் எடுக்கும் செடி) தோட்டம் வைத்துத்தான் காசோடு திரும்புகிறார். அந்த அவுரியைப் பயிரிட்டவர்களைப் பற்றி நாவலில் பேச்சே இல்லை. வங்காளத்தில் 1859இல் அவுரி விவசாயிகள் கிளர்ந்தெழுந்ததைத் தெரிந்துகொண்டு படிப்பவருக்கு அந்தப் பக்கம் உறுத்தும். எனக்கும் உறுத்துகிறது. அதற்காக மெழுகுவத்தியை எண்ணி எரிக்கிறவர்களைச் சுகவாசிகள் என்பதா?

"போரடிக்கிறது" என்பவர்கள் ஒரே மூச்சில் படித்தவர்களாகத்தான் இருப்பார்கள். தவணையாக வந்த எழுத்து அது, ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும். ஆரம்பத்திலேயே கேப்டன் பிரௌன் ரயிலில் அடிபட்டுச் செத்ததும் கதை அறுந்த மாதிரி இருக்கும். முதல் பகுதியோடு நிறுத்தத்தான் காஸ்கெல் நினைத்திருந்தார், அதனால்தான் அப்படி. அங்கே புத்தகத்தை மூடிவிடாதீர்கள்.

இந்த ஏளனத்தால் எழுத்துக்காரர்களே நொந்திருக்கிறார்கள். சர்ச், பாதிரியார், கல்யாணமாகாத அக்கா தங்கைகள் என்று எழுதிய ஆங்கில நாவலாசிரியர் பார்பரா பிம்மின் நாவலை 1963இல் அவருடைய பதிப்பகமே திருப்பி அனுப்பியது. அடுத்த புத்தகம் வெளிவர 1977 ஆயிற்று. அந்த வருஷமே புக்கர் இலக்கியப் பரிசின் இறுதிப்பட்டியலில் இடம்பிடித்தார். 1980இல் இறந்துபோனார். நடுவில் போன 14 வருஷத்தை யார் திருப்பித் தருவது?

அடுத்த கூட்டத்தில் கிரான்ஃபோர்டில் வங்கிக் கதை வரும் 13, 14 அத்தியாயங்களை மட்டுமாவது உட்கார்ந்து படிப்போம். புத்தகம் நான் கொண்டு வருகிறேன்.