வைஷ்ணோ தேவி நாணயத்துக்கு யாரும் லட்சம் தரப்போவதில்லை

"வைஷ்ணோ தேவி படம் போட்ட பத்து ரூபாய் நாணயம் இருக்கிறதா? நீங்கள் லட்சாதிபதி!" என்று வீடியோ போடுகிறவர்கள் மேல் எனக்குக் கடும் கோபம் இருக்கிறது. அந்த நாணயம் 2012-ல், வைஷ்ணோ தேவி கோயில் வாரியத்தின் வெள்ளிவிழாவுக்காக வந்தது. ஐந்து ரூபாயிலும் பத்து ரூபாயிலும் அடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறையாகக் கொடுத்த காசு அது. புத்தம் புதுசாக இருந்தால், சேகரிப்பவர் யாராவது கொஞ்சம் கூடுதலாகத் தரலாம். அவ்வளவுதான்.

நம் ஊர் சம்பந்தப்பட்ட நாணயங்களுக்கும் இதே நிலைதான். 1995 தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்த வள்ளுவர் நாணயம், 2009-ல் அண்ணாவின் தமிழ்க் கையெழுத்தோடு வந்த ஐந்து ரூபாய், பெரிய கோயில் ஆயிரமாண்டு நாணயம் எல்லாம் எனக்கு உயிர். ஆனால் விற்கப் போனால் பெரிதாக எதுவும் தேறாது. படம் போட்ட காசு என்றாலே அபூர்வம் என்று நினைத்து வீட்டுக்கு வீடு உண்டியலில் எடுத்து வைத்துவிட்டோம். எல்லோரிடமும் இருக்கிற பொருளுக்கு யார் விலை கொடுப்பார்கள்?

விவரம் தெரிந்த கடைக்காரர் படத்தை முதலில் பார்ப்பதில்லை. லென்ஸை வைத்து ஆண்டுக்குக் கீழே பார்ப்பார். எந்த ஊர் நாணய ஆலையில் அடித்த காசு என்று காட்டும் குறி அங்கேதான் இருக்கும். வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. சில ஆண்டுகளில் சில ஆலைகளில் குறைவாக அடித்திருப்பார்கள், அதற்குத்தான் மதிப்பு. அப்புறம் விளிம்பு, கீறல், மினுமினுப்பு. தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், இருக்கிற கொஞ்ச மதிப்பும் போய்விடும். இன்னொன்று, இணையத்தில் ஒருவர் ஐந்து லட்சம் என்று போட்டிருப்பது அவர் கேட்கிற விலை. அந்த விலைக்கு யாராவது வாங்கினார்களா என்பதுதான் கேள்வி.

புழக்கத்துக்கே வராத நினைவு நாணயங்கள் வேறு ரகம். அரசு நாணய ஆலை பெட்டியில் வைத்து விற்ற பழைய நூறு ரூபாய் நாணயங்கள் பலவும் 35 கிராம் எடை, அதில் பாதி வெள்ளி. அதற்கு வெள்ளி விலையாவது நிற்கும். ஆனால் அதை முகமதிப்பான நூறு ரூபாய்க்கு யாரும் வாங்கவில்லை, முதலிலேயே கூடுதல் காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள்.

எனக்குக் கோபம் வர உண்மையான காரணம் எங்கள் தெரு அக்கா ஒருவர். அப்படி ஒரு வீடியோவை நம்பிய அவரிடம் மோசடிக்காரர்கள் நாணயத்தின் போட்டோவைக் கேட்டு வாங்கினார்கள். ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. பதிவுக் கட்டணம் கட்டச் சொன்னார்கள், கட்டினார். பிறகு ஜி.எஸ்.டி. என்றார்கள், அதையும் கட்டினார். மகள் கல்லூரிக்கு வைத்திருந்த பணம். பழைய நாணயம் வாங்கவோ விற்கவோ கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, யாருக்கும் அந்த அதிகாரம் தரவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்டிலேயே எச்சரித்தது. அந்த எச்சரிக்கை அக்காவை எட்டவில்லை, வீடியோ எட்டிவிட்டது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே சொல்லுங்கள்: நாணயத்தை விற்பவர் பணம் கட்ட வேண்டிய வேலையே இல்லை. ஏற்கெனவே கட்டிவிட்டார்கள் என்றால் திட்டாதீர்கள், பயந்து மறைத்துவிடுவார்கள். உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது.